பிஎச்.டி. முடிக்காமல் ஜூனியர்களுக்கு வகுப்பு எடுப்பது வீண் வேலையா?

பொருளாதாரத்தில் பிஎச்.டி. செய்கிறேன், தமிழ்வழியில் படித்து வந்த எம்.ஏ. பிள்ளைகளுக்கு வாராவாரம் பாடம் சொல்லித் தருகிறேன், கைடு "முதலில் தீசிஸை முடி, சமூக சேவையை அப்புறம் பார்க்கலாம்" என்கிறார், அவர் சொல்வது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்களும் வீட்டில் முதல் பட்டதாரியாகத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கைடு சொல்வது பாதி சரி. நேரம் போகத்தான் செய்யும். நானும் பிஎச்.டி. செய்துகொண்டே இப்படி வகுப்பு எடுப்பவள்தான், எனக்கு தீசிஸில் ஒரு சாப்டர் முழுசாக ஒரு செமஸ்டர் தள்ளிப்போனது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

நான் தருமபுரி பக்கம், பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. எம்.ஏ. முதல் வாரம், மைக்ரோ எகனாமிக்ஸ் வகுப்பில் சார் என்னை எழுப்பி 'இன்டிஃபரன்ஸ் கர்வ்' என்றால் என்ன என்று கேட்டார். ஒன்றும் ஓடவில்லை, நின்றேன். பக்கத்துப் பெண் பதில் சொல்ல, அவர் போர்டில் படம் வரைந்த பிறகுதான் தெரிந்தது, அட, இது நம்ம சமநோக்கு வளைகோடு! ஸ்கூலில் ஸ்கேல் கூட இல்லாமல் வரைந்து மார்க் வாங்கியது. ஆனால் அன்றைக்கு நான் 'தெரியாத பெண்' ஆகிவிட்டேன், அந்தப் பெயர் போக இரண்டு செமஸ்டர் ஆனது.

அதனால்தான் சனிக்கிழமை வகுப்பு. பெரிய திட்டமெல்லாம் இல்லை. இறுதிநிலைப் பயன்பாடு என்றால் மார்ஜினல் யுட்டிலிட்டி, தேவை நெகிழ்ச்சி என்றால் எலாஸ்டிசிட்டி, இப்படித் தெரிந்ததற்கே இன்னொரு பெயர் சொல்லிக் கொடுப்பது, கூடவே கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் எழுதும் நெட் தேர்வின் பழைய கேள்வித்தாள். அந்தத் தேர்வில் எகனாமிக்ஸ் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். எங்கள் பிள்ளைகள் கேள்வியை மனசுக்குள் தமிழாக்கிவிட்டுத்தான் விடைக்கே போக வேண்டும். உடனே மொழி அரசியல் என்று கிளம்பாதீர்கள், இந்தியை எடுக்கச் சொல்லவில்லை, எங்களுடையதையும் கொடுங்கள் என்கிறேன். 'இட ஒதுக்கீட்டில் வந்துவிட்டு அதற்கு மேல் தனி வகுப்பும் வேண்டுமா' என்று கேட்பவர்களுக்கும் ஒன்று: அந்த வகுப்புக்குக் கதவு கிடையாது. சென்னையில் இங்கிலீஷ் மீடியம் படித்த பையன்கள் இரண்டு பேர் புள்ளிவிவரக் கணக்குப் போடும் 'ஆர்' மென்பொருள் கற்றுக்கொள்ள வருகிறார்கள், யாரும் துரத்தவில்லை.

இனி என் கதை. என் ஆய்வு பெண்களின் வேலையைக் கணக்கெடுப்பது பற்றி. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017-18 முதல் நடத்தும் பிஎல்எஃப்எஸ் என்ற வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவருக்கும் அவர் செய்யும் வேலையைக் குறிக்க ஒரு கோடு எண் உண்டு. மாதச் சம்பளம் 31, தினக்கூலி 51, குடும்பத் தொழிலில் சம்பளம் இல்லாமல் உழைத்தால் 21, வீட்டுவேலை மட்டும் என்றால் 92. அந்த 92 வேலையில் இருப்பவர்கள் கணக்கில் வராது. என் அம்மா விடியற்காலை நாலரைக்கு எழுந்து இரண்டு மாட்டிலும் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறார், பாஸ்புக் அப்பா பெயரில். முறைப்படி அம்மாவுக்கு 21 போட வேண்டும். ஆனால் கணக்கெடுப்பவர் வாசலில் நிற்கும் அப்பாவிடம் கேட்டால், "அவ வீட்டுலதான் இருக்கா" என்பார். 92 விழுந்துவிடும். அதற்கு முந்தைய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், 2011-12இல் எடுத்த 68வது சுற்றில், 92 என்று வந்தவர்களிடம் மாடு பார்க்கிறீர்களா, கோழி வளர்க்கிறீர்களா என்று தனியாகத் துருவிக் கேட்டார்கள். என் இரண்டாவது சாப்டர் அதை வைத்துத்தான்.

ஆய்வு எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்கும் டாக்டோரல் கமிட்டி மீட்டிங்கில் இதையெல்லாம் விளக்கி முடித்தேன். கமிட்டியில் ஒருவர் நல்ல வேலை என்றார், அடுத்த மூச்சிலேயே "அந்த ட்யூஷனைக் கொஞ்சம் குறைத்துக்கொள், ப்ரோக்ரஸ் ரிப்போர்ட்டில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். துறையில் நான்தான் கோடு எண் 92. செமினாருக்கு டீ சொல்வது, விருந்தினரை ஸ்டேஷனில் போய் அழைத்து வருவது, அழுகிற ஜூனியரை உட்கார வைத்துப் பேசுவது, எல்லாம் பெண் ஸ்காலர்கள் தலையில்தான். 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் சம்பளமில்லாத வீட்டுவேலைக்குப் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அந்த 97உம் வீட்டுவேலை செய்த ஆண்களுக்கு மட்டும் எடுத்த சராசரி. எங்கள் துறையில் அப்படி ஒரு கணக்கெடுத்தால் 97 வருமா என்பது சந்தேகம். ஆண் ஸ்காலர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நல்லவர்கள் இருக்கிறார்கள், ஆனால் டீ சொன்னவர்களை நான் பார்த்ததில்லை.

இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரி முதல் ஆய்வு மாணவர்களின் மாத உதவித்தொகை, முதலில் தரும் ஜே.ஆர்.எஃப். 37,000, பிறகு வரும் எஸ்.ஆர்.எஃப். 42,000 ரூபாய் என்று ஊரெல்லாம் தெரியும், சொந்தக்காரர்கள் கடன்கூடக் கேட்கிறார்கள். அது மாதாமாதம் வருவதில்லை என்பது யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு மாதமும் நிறுவனம் ஆன்லைனில் உறுதி செய்ய வேண்டும், அந்த கிளார்க் லீவு போட்டால் எனக்கும் லீவு. ஒருமுறை நான்கு மாதம் வரவில்லை. மெஸ் மட்டும் ஒரு நாள் பிந்தினாலும் ஃபைன் போட்டது.

சரி, உங்கள் விஷயம். வகுப்பை நிறுத்த வேண்டாம், வேலி போடுங்கள். நான் இப்போது வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், தீசிஸ் சுருக்கமான சினாப்சிஸ் கொடுக்கும் செமஸ்டரில் அதுவும் இல்லை. ஒரு வருடம் படித்தவர்களே அடுத்த வருடம் நடத்துகிறார்கள். யுஜிசியின் 2022 விதிப்படி பிஎச்.டி.க்கு 6 வருடம், பெண்கள் என்றால் கூடுதலாக 2 வருடம் கேட்கலாம், உங்கள் கணக்கு எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, செய்வதை எழுத்தில் கொண்டுவாருங்கள். நான் மனு போட்டு, போன வருடம் துறையின் ஆண்டறிக்கையில் அந்த வகுப்பு ஒரு வரியாக ஏறிவிட்டது. பொறுப்பாளர் என்ற இடத்தில் ஒரு பேராசிரியர் பெயர் இருக்கிறது. அவர் ஒரு சனிக்கிழமைகூட வந்ததில்லை. பாஸ்புக்கைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வாரோ அதைத்தான் அம்மா எனக்கும் சொன்னார்: "போகட்டும் விடு, பேராவது வந்துச்சே." நான் விடவில்லை, இந்த வருடத்துக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.