மழைத் தண்ணி எங்கே போய்ச் சேரணும்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நீர்வளத்துறையில் கண்மாய் வேலைகளைப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மழைநீர், கண்மாய், இதற்கெல்லாம் அரசு தரும் உதவி பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகளில் பொதுவாகப் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

செல்லூரிலிருந்து ஒரு சகோதரி: அண்ணே, 2024 அக்டோபரில் எங்க வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. தெருவுக்கு வடிகால் கேட்டு மனு கொடுக்கப் போறோம். என்ன எழுதணும்?

மனு கொடுங்கள் தங்கச்சி. ஆனால் எழுதுமுன் ஒரு நாள் காலையில் நாலு பேராகச் சேர்ந்து, உங்கள் தெருத் தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்று கடைசி வரை நடந்து பாருங்கள். செல்லூர்க் கண்மாய் நிறைந்தால் மறுகால் தண்ணீர் பந்தல்குடி கால்வாய் வழியாகத்தான் வைகைக்குப் போயாக வேண்டும். கால்வாய் குறுகியோ, குப்பை அடைத்தோ கிடந்தால் தெருவில் எத்தனை அடி ஆழத்துக்கு சிமெண்ட் வாய்க்கால் கட்டினாலும் தண்ணீர் எதிர்த்துத்தான் வரும். இன்னும் சொன்னால், கால்வாய்த் தண்ணீரை வீட்டுக்கு அழைத்து வருவதே அந்த வாய்க்காலாக இருக்கும்.

நான் வேலையில் இருந்த காலத்திலேயே ஒரு பகுதியில் இப்படி நடந்தது. வடிகால் கட்டி முடித்தார்கள். அது போய்ச் சேர வேண்டிய ஓடையோ மேடாகிக் கிடந்தது. அடுத்த மழையில் அந்தத் தெருப் பெண்கள் என்னைப் பிடித்துக் கேட்ட கேள்வி இன்றைக்கும் காதில் நிற்கிறது: "தண்ணிக்கு வழி விடாம எதுக்குய்யா வாய்க்கா கட்டுனீங்க?"

அதனால் மனுவில் மூன்று விஷயம் வரட்டும். தண்ணீர் தேங்கும் இடம், அது போக வேண்டிய கால்வாய், அந்தக் கால்வாயில் எந்த இடத்தில் அடைப்பு. போட்டோவும் வைத்துவிடுங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மாநகராட்சிக்கு ஒரு பிரதி, நீர்வளத்துறைக்கு ஒரு பிரதி. கால்வாய் ஒருவரிடமும் தெரு இன்னொருவரிடமும் இருக்கும்போது ஒரே இடத்தில் மனு கொடுத்தால் அது அங்கேயே உட்கார்ந்துவிடும்.

திருப்பாலை: மழைநீர் சேகரிப்புக்கு மானியம் உண்டா சார்?

வீட்டுக்கு மானியத்தை எதிர்பார்த்து நிற்காதீர்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் இது கட்டாயம். நம் செலவில்தான் செய்ய வேண்டும். ஆனால் கணக்குப் பாருங்கள். மதுரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை. 1000 சதுர அடி மாடியில் அது சுமார் 79,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று கழித்தாலும் 63,000 லிட்டர் மிஞ்சும். 12,000 லிட்டர் லாரிக்கு ஐந்து லோடு! அதைக் குழாய் வைத்து ரோட்டில் விட்டுக்கொண்டு, ஏப்ரலில் லாரிக்குக் காசு எண்ணிக் கொடுக்கிறோம்.

முதல் மழையில் மாடித் தூசியெல்லாம் வரும், அதை வெளியே விட்டுவிடுங்கள். அப்புறம் வருவதைக் கூழாங்கல், கரி, மணல் போட்ட தொட்டி வழியாகக் கிணற்றுக்கு விடலாம். வடிகட்டாத தண்ணீரை போர்வெல்லுக்குள் நேராக விடவே கூடாது. நம் ஊர் அடியில் பாறை; தண்ணீர் நிற்பது அந்தப் பாறை இடுக்குகளில்தான். அதில் சேறு போய் அடைத்தால் அந்த போர் அவ்வளவுதான். ஆண்டுக்கு ஒரு முறை, ஆடி முடிவதற்குள் மணலை எடுத்துக் கழுவிப் போடுங்கள். 2003-ல் கட்டிய குழிகளில் பாதிக்கு மேல் அதற்குப் பிறகு யாரும் மூடியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

மாடக்குளம் பக்கம்: மழைத் தண்ணியை பாதாளச் சாக்கடையில் விட்டால் என்ன?

கூடாது. மழை நாளில் மூடி வழியாகக் கழிவு பொங்கி எதிர் வீட்டு வாசலில் நிற்கும். அதேபோல் கழிவை மழைநீர்க் கால்வாயில் விடுவதும் தவறு. அது கண்மாயில்தான் போய்ச் சேருகிறது.

மேலூர் வட்டத்திலிருந்து ஒரு விவசாயி: ஐயா, எங்க ஊருணியும் கண்மாயும் தூர்ந்து கெடக்கு. அரசாங்கப் பணம் எந்த வழியில வரும்?

வழிகள் பல இருக்கின்றன. ஊர்க்காரர்களே சேர்ந்து நீர்நிலையைப் பராமரிக்கும் குடிமராமத்து 2017-ல் மறுபடி வந்தபோது, ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது கண்மாய்ப் பாசன விவசாயிகள், செலவில் 10 சதவீதம் போட்டு, தாங்களே வேலையை எடுத்துச் செய்தார்கள். 2022-ல் மத்திய அரசு அமிர்த சரோவர் என்று மாவட்டத்துக்கு 75 குளம் என்ற இலக்கோடு தொடங்கியது. 'நமக்கு நாமே' திட்டத்தில் பொது வேலைகளுக்கு மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். நகரத்துக்கு 2021-ல் வந்த அம்ருத் 2.0 என்ற மத்திய அரசுத் திட்டத்தில் நீர்நிலை சீரமைப்பும் சேர்ந்தது. திட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் ஊர்க் காகிதம் தயாராக இருந்தால் எந்தப் பெயரில் பணம் வந்தாலும் கேட்கலாம்.

காகிதம் என்றால், கண்மாயின் சர்வே எண், கிராம நிலக் கணக்கான 'ஏ' பதிவேட்டில் உள்ள பரப்பு, சர்வே வரைபடமான புலப்படம், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, வயலுக்குத் தண்ணீர் விடும் மடை எத்தனை, மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு என்ன நிலைமையில் இருக்கிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளில் கிராமசபை நடக்கிறதே, அதில் தீர்மானம் போட்டு வையுங்கள். ஆக்கிரமிப்பு இருந்தால் 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்மாயைத் தோண்டுவது கண்ணுக்குத் தெரியும், போட்டோவுக்கும் நன்றாக இருக்கும். வரத்துக்காலை வெட்டுவதுதான் முதல் வேலை. தண்ணீர் வராத கண்மாயை ஆழமாக்கி என்ன பயன்? நம் கண்மாய்கள் ஒன்றின் மறுகால் அடுத்ததற்கு வரத்தாக அமைந்தவை. மேல் கண்மாய்க்காரர்களையும் கூப்பிட்டுப் பேசாமல் ஒரு ஊர் மட்டும் இதைச் சரிசெய்ய முடியாது. உங்கள் வட்டத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். மலையில் விழும் மழை சுனைக்கும் குளத்துக்கும் வந்து சேரும் அந்த வழி கெடாமல் இருப்பதுதான் அதன் செல்வம்.

வண்டல் மண் வேண்டுமென்றால் வட்டாட்சியரிடம் விண்ணப்பித்து இலவசமாகவே எடுக்கலாம்.

அண்ணா நகர்: என் மகள் அமெரிக்காவில் பிலடெல்பியாவில் இருக்கிறாள். அங்கே ரோட்டோரச் செடிப் பாத்திகளில் மழைநீரை இறக்குகிறார்களாம். இங்கே முடியாதா?

முடியும் அம்மா. அந்த நகரம் 2011-ல் 25 ஆண்டுத் திட்டமாக இதைத் தொடங்கியது. தண்ணீர் இறங்காத சிமெண்ட் தளம் அதிகமுள்ள வணிக இடங்களுக்கு மழைநீர்க் கட்டணமும் அதிகம். மண்ணுக்குள் இறக்க ஏற்பாடு செய்தால் கட்டணம் குறையும். இங்கே அப்படிக் கட்டணம் இல்லை. ஆனால் சென்னை மாநகராட்சி பூங்காக்களில் பள்ளமாகக் குளம் வெட்டி மழைநீரை உறிஞ்ச விடுகிறது. உங்கள் பகுதிப் பூங்காவுக்கும் அதையே கேளுங்கள். நடைபாதைக்குக் கல் பதிக்கும்போது மரத்தடியைச் சுற்றிச் சிமெண்ட் பூசாமல் விடச் சொல்லி வேலை நடக்கும் அன்றே நின்று கேட்டால், அதற்குத் திட்டமே வேண்டாம்.

தெப்பக்குளம் பக்கம், கல்லூரி மாணவர்: தெப்பக்குளத்தில் தண்ணீர் நின்றால் எங்கள் கிணறு ஊறும் என்று பாட்டி சொல்கிறார். உண்மையா?

உண்மை தம்பி. 16 ஏக்கர் அளவுக்குத் தண்ணீர் நின்றால் சுற்றுவட்டாரத்தில் ஊற்று ஏறும். வைகையிலிருந்து பனையூர்க் கால்வாய் வழியாகத் தண்ணீர் வர ஆரம்பித்த பிறகு எத்தனை அடியில் ஊறுகிறது என்று பாட்டி வீட்டுக் கிணற்றில் கயிறு விட்டு மாதம் ஒரு முறை அளந்து எழுது. பத்து வீட்டுக் கணக்கு சேர்ந்தால் எனக்கு அனுப்பு, உட்கார்ந்து பார்ப்போம்.