ஒன்று 100, இல்லை 0 என்றே மனது கணக்குப் போடுகிறது. இதை எப்படி மாற்றுவது?

ஒரு நாள் நடைப்பயிற்சி தவறினால் அந்த மாதமே வீண் என்று தோன்றுகிறது, நண்பர் ஒருமுறை பொய் சொன்னதும் அவர் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவன். பொதுத்தேர்வு நேரத்தில் இதை வருஷா வருஷம் பார்க்கிறேன். ஒரு மார்க் கேள்வியில் விடையை மாற்றிக் குறித்துவிட்டு வந்து, "சென்டம் போச்சு சார்" என்று உட்கார்ந்துவிடுவான். அந்த நேரத்தில் அவனுக்கு 99-உம் 35-உம் ஒன்றுதான். போன ஒரு மார்க்கால் அவனுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அந்தத் துக்கத்தில் அடுத்த பரீட்சைக்குப் படிக்காமல் விடுகிறானே, அடி விழுவது அங்கேதான்.

"கெட்டது கெட்டுப்போச்சு, இனி என்ன?" என்ற இந்த மனநிலையைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஹெர்மன், மேக் என்ற இருவர் 1975இல் வெளியிட்ட ஆய்வு அது. முதலில் மில்க்‌ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள், மில்க்‌ஷேக் உள்ளே போனதும் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் டயட் டயட் என்று இருப்பவர்களோ, மில்க்‌ஷேக் குடித்த பிறகுதான் அதிகம் சாப்பிட்டார்கள். டயட்தான் உடைந்துவிட்டதே!

ஆக, நீங்கள் முதலில் பிடிக்க வேண்டியது சறுக்கலுக்கு அடுத்த அரை மணி நேரத்தை. காலை நடை தவறியதா? சாயங்காலம் தெருமுனைக் கடை வரை போய்வாருங்கள். அதையும் கணக்கில் சேருங்கள்.

அடுத்து, அளந்து பார்க்கும் பழக்கம். 1960களில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மனச்சோர்வு உள்ளவர்களின் யோசனையில் இந்த 'எல்லாம் அல்லது ஒன்றுமில்லை' போக்கு திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். அவர் தொடங்கிவைத்த சிகிச்சை முறையில் இன்றும் ஒரு பயிற்சி உண்டு. தாளில் ஒரு கோடு போட்டு, ஒரு முனையில் 0, மறுமுனையில் 100 எழுதுங்கள். "நான் உருப்படாதவன், 0" என்று தோன்றினால், உடனே உங்களை அங்கே வைக்காதீர்கள். நிஜமான 0 எப்படி இருக்கும் என்று முதலில் எழுதுங்கள்: வேலைக்கே போகாதவன், யாருக்கும் எதுவும் செய்யாதவன், முயற்சி என்று ஒன்றுகூட இல்லாதவன். 100க்கும் அப்படியே. இரண்டையும் எழுதி முடித்தால் உங்களை 0-வில் வைக்கக் கை வராது. 45, 60 என்று எங்காவதுதான் வைப்பீர்கள். மனதுக்குள்ளேயே செய்தால் பலிக்காது, எழுத வேண்டும். "நான் சிறந்தவன்" என்று தினமும் சொல்லிப் பாருங்கள் என்று சிலர் அறிவுரை தருவார்கள். அது ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தாவுவது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

மனிதர்களை ஒரே கோட்டில் வைக்காமல் பிரித்துப் பாருங்கள். உங்கள் நண்பர் ரகசியத்தைக் காப்பாற்றுவாரா? வாங்கிய கடனைத் திருப்புவாரா? சொன்ன நேரத்துக்கு வருவாரா? ஆஸ்பத்திரி என்றால் ஓடி வருவாரா? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மார்க் விழும். கடன் விஷயத்தில் மார்க் குறைந்தால், பணம் கொடுக்காமல் நட்பை வைத்துக்கொள்ளலாம், தப்பே இல்லை.

காலையில் தெய்வமாகத் தெரிந்தவர் மாலையில் விரோதியாகத் தெரிவது அடிக்கடி நடந்தால், அல்லது சாகலாம் என்ற எண்ணம் வந்தால், கோடு போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். டெலி மானஸ், 14416. மத்திய அரசின் இலவச உதவி எண், தமிழிலும் பேசலாம். மனநல மருத்துவரையும் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. எல்லா விஷயத்துக்கும் இப்படி 0-க்கும் 100-க்கும் இடையில் மார்க் போட முடியாது. குடியை அறவே விடச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தால், அறவே என்றால் அறவேதான்; ஒரு நாள் தவறினால் மறுநாளே திரும்பி வரலாம், ஆனால் 'கொஞ்சமாகக் குடிக்கிறேன்' என்று அளவு வைத்துக்கொள்ள முடியாது. வீட்டில் கை நீட்டுகிறவர் விஷயமும் அப்படித்தான். "மற்றபடி நல்லவர்" என்று அவருக்கு 70 போட்டுக்கொண்டு அங்கேயே இருக்காதீர்கள்.