சுத்தியல் பதில்கள்

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டை ஒட்டிய சந்தில் நாற்பது வருடம் டிங்கர் வேலை பார்த்தவன் நான். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஆஸ்டன் மார்ட்டின் காரைப் பற்றி. எல்லாரும் ஒரே ராத்திரி பாண்ட் படம் பார்த்தீர்களா என்ன?

பரங்கிமலை வாசகர்: ஆஸ்டன், மார்ட்டின் என்ற இரண்டு பேர் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனியா?

மார்ட்டின் ஆள். ஆஸ்டன் ஒரு மேடு. 1913-ல் லயனல் மார்ட்டினும் ராபர்ட் பாம்ஃபோர்டும் லண்டனில் தொடங்கிய கடை அது. இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் ஆஸ்டன் ஹில் என்ற மேட்டில் கார் ஏற்றும் போட்டி நடக்கும். அதில் மார்ட்டின் நன்றாக ஓட்டிவிட்டு, மேட்டின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்துவிட்டார். உங்கள் ஊரில் ஒருத்தர் மலை ஏறி இறங்கிவிட்டு ‘பரங்கிமலை முனுசாமி’ என்று போர்டு மாட்டின மாதிரி. பாம்ஃபோர்டுக்கு போர்டில் இடம் கிடைக்கவில்லை. 1920-ல் அவர் விலகியும் விட்டார்.

சோழிங்கநல்லூர் வாசகர்: பாண்ட் ஓட்டும் டிபி5 மாடலில் டிபி என்றால்?

உங்கள் ஐடி ஏரியாவில் அதற்கு டேட்டாபேஸ் என்று அர்த்தம், தெரியும். இது டேவிட் பிரவுன். டிராக்டரும் கியரும் செய்த முதலாளி. 1947-ல் ‘தி டைம்ஸ்’ பேப்பரில் வந்த விற்பனை விளம்பரத்தைப் பார்த்து, 20,500 பவுண்டுக்குக் கம்பெனியையே வாங்கினார். அடுத்து லகோண்டா என்ற கார் கம்பெனியையும் வாங்கினார். அங்கே, பென்ட்லி கார் கம்பெனியைத் தொடங்கிய டபிள்யூ.ஓ. பென்ட்லியின் மேற்பார்வையில் உருவான ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒன்று இருந்தது. பிரவுனின் கண் அதன் மேல்தான். 1959-ல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் கரோல் ஷெல்பியும் ராய் சால்வடோரியும் ஓட்டிய டிபிஆர்1 என்ற ஆஸ்டன் மார்ட்டின் பந்தயக் கார் முதலாவதாக வந்தது. இரண்டாவது வந்ததும் ஒரு டிபிஆர்1.

ராயப்பேட்டை வாசகி: அந்தக் காரின் பாடியைக் கையால் தட்டியே செய்தார்களாமே, நிஜமா?

நிஜம்தான் அம்மா. இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

1958-ல் வந்த டிபி4, 1963-ல் வந்த டிபி5 இரண்டுக்கும் இத்தாலியின் மிலான் நகரத்தில் கார் பாடி கட்டிய ‘டூரிங்’ என்ற கம்பெனியின் முறை. பெயர் சூப்பர்லெஜேரா, ‘மிக லேசானது’ என்று அர்த்தம். சன்னமான இரும்புக் குழாய்களை வளைத்து காரின் எலும்புக்கூட்டைக் கட்டுவார்கள். அதன் மேல் அலுமினியத் தகட்டைத் தோலாகப் போர்த்துவார்கள். இங்கிலாந்தில் நியூபோர்ட் பேக்னல் என்ற ஊரில் வேலை. அங்கிருந்த பழைய பட்டறை குதிரை வண்டி கட்டிய பரம்பரை, நம்ம மவுண்ட் ரோடு சிம்சன் மாதிரி.

இரும்புத் தகடு நம் தப்பைப் பொறுத்துக்கொள்ளும். அலுமினியம் பொறுக்காது. தட்டத் தட்ட இறுகும், அப்புறம் பட்டென்று விரியும். என் இருபத்திரண்டாவது வயதில் ஒரு பழைய லேண்ட் ரோவரின் அலுமினிய மட்கார்டை இப்படித்தான் கிழித்தேன். மேஸ்திரி திட்டவில்லை. பார் சோப்பை எடுத்துத் தகட்டில் தேய்த்தார். பின்னால் கேஸ் தீயைக் காட்டினார். சோப்பு பழுப்பாகி, கறுக்கும்போது தீயை எடுத்துவிட்டார். சூடு போதும் என்பதற்கு அதுதான் அடையாளம்; இன்னும் கொஞ்சம் காட்டினால் தகடு தொங்கிவிடும். ஆறியதும் அது வெண்ணெய் மாதிரி வளைந்தது. இங்கிலாந்து பட்டறைகளிலும் இதே சோப்பு வித்தை உண்டு என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். இரும்பும் அலுமினியமும் ஒட்டி நிற்கும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும்; பெயிண்ட் கொப்புளிக்கும், உள்ளே வெள்ளைப் பொடி உதிரும். உப்புக் காற்றில் இன்னும் வேகம். அந்தக் காரை பெசன்ட் நகரில் வாசலில் நிறுத்தி வைத்தால் எனக்குத்தான் வேலை வரும்.

மறைமலை நகர் வாசகர்: ஃபோர்டு கையிலும் இருந்ததாமே? எங்கள் அப்பா அங்கே வேலை பார்த்தவர்.

இருந்தது. 1987-ல் பெரும்பங்கை வாங்கினார்கள், 2007-ல் விற்றார்கள். நடுவில் 1994-ல் வந்த டிபி7, அதுவரை அந்தக் கம்பெனி பார்க்காத எண்ணிக்கையில் விற்றது. 2003-ல் கேடன் என்ற ஊரில் புதுத் தொழிற்சாலை. அங்கே காரின் அடிச்சட்டத்துக்கு அலுமினியத்தைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். ஒட்டட்டும், உறுதியாகத்தான் இருக்கிறது. எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

2007-ல் நியூபோர்ட் பேக்னலில் புதுக் கார் கட்டுவது நின்றது, பழசைச் சரிசெய்வது மட்டும் நடந்தது. பத்து வருடம் கழித்து, பழைய டிபி4 ஜிடி மாடலில் 25 கார்களை அதே ஊரிலேயே புதிதாகக் கட்டினார்கள். அதற்குப் பின் பாண்ட் காரையும் கட்டினார்கள்.

கொளத்தூர் வாசகர்: கிடைத்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள், ஐயா?

பானட்டைத் திறப்பேன். சில மாடல்களில் இன்ஜின் மேல் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதைப் பூட்டிய ஆளின் பெயரோடு. நான் தட்டிய மட்கார்டுகளின் உட்புறத்தில் சாக்பீஸால் ஒரு ‘ச’ போடுவேன். சாயங்காலம் பெயிண்டர் அண்டர்கோட் அடித்துவிடுவான்.