ஹீமோகுளோபின் 12.3... பிறகு ஏன் இந்தச் சோர்வு?

கேள்வி: எனக்கு வயது 34. ஆறு மாதமாக மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. படுத்தால் கால் குடைச்சல். மாதவிலக்கு ஏழு நாள் நீடிக்கிறது, போக்கும் அதிகம். ஹீமோகுளோபின் 12.3 இருப்பதால், ‘ரத்தச்சோகை இல்லை, கவலையைக் குறையுங்கள்’ என்று அனுப்பிவிட்டார்கள். வேறோர் இடத்தில் பார்த்ததில் ஃபெரிட்டின் 8, சீரம் அயர்ன் நார்மல். எதை நம்புவது?

பதில்: இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினை நம்புங்கள் அம்மா. உங்கள் உடம்பில் இரும்புச்சத்துக் கையிருப்பு தீர்ந்துவிட்டது.

நம் உடம்பில் இருக்கும் மொத்த இரும்பே 3 முதல் 4 கிராம்தான். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் இருக்கிறது. கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் இருப்பதுதான் சேமிப்பு. 2 மில்லி ரத்தம் போனால் ஏறக்குறைய 1 மில்லிகிராம் இரும்பு போகிறது. குடல் ஒரு நாளைக்கு உறிஞ்சுவதோ 1 முதல் 2 மில்லிகிராம். மாதாமாதம் 80 மில்லிக்கு மேல் ரத்தம் போகிற பெண்ணுக்கு வரவு எப்படிக் கட்டுப்படியாகும்? உடம்பு சேமிப்பிலிருந்து எடுத்து ஹீமோகுளோபினைத் தாங்கிப் பிடிக்கும். குந்தித் தின்றால் குன்றும் மாளும் அல்லவா? சேமிப்பு காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் சரியத் தொடங்கும். பெண்களுக்கான எல்லைக்கோடு 12. நீங்கள் அதன் விளிம்பில் நிற்கிறீர்கள்.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் சேமிப்பு தீர்ந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். என்னைப் போன்ற பல மருத்துவர்கள் 30-க்குக் கீழேயே விழித்துக்கொள்வோம். ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் சீரம் அயர்னைத் தனியாக வைத்து எதுவும் சொல்ல முடியாது. அது ஒரே நாளில் ஏறி இறங்கும். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் உயர்ந்து நிற்கும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில், இதே கால் குடைச்சலோடு வந்த ஒரு பெண்ணின் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டு வைட்டமின் மாத்திரை எழுதிக்கொடுத்தேன். ஒரு வருடம் கழித்து ஹீமோகுளோபின் 8-ஓடு வந்தார். அன்றிலிருந்து சோர்வு என்று வரும் எந்தப் பெண்ணுக்கும் ஃபெரிட்டின் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை.

இரும்பு மாத்திரையை உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டால் போதுமா என்றும் கேளுங்கள். ஒரு மாத்திரை போட்டதும் கல்லீரலில் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, அடுத்த நாள் வரை குடலின் வாசலை ஓரளவு அடைத்துவிடுகிறது. நடுவில் ஒரு நாள் விட்டால் போடுகிற மாத்திரை நன்றாக உறிஞ்சப்படும், வயிற்றுத் தொந்தரவும் குறையலாம். தெம்பு வந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தாதீர்கள். சேமிப்பு நிரம்ப மாதங்கள் ஆகும். மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினை மறுபடி பாருங்கள். அதற்குள் மகப்பேறு மருத்துவரிடம் போய் அந்த அதிக உதிரப்போக்குக்குக் காரணம் கண்டுபிடியுங்கள். ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை.

கேள்வி: அப்பாவுக்கு வயது 66. முடக்குவாதம் உண்டு. ஹீமோகுளோபின் 10.1, ஃபெரிட்டின் 60. ‘ஃபெரிட்டின் நார்மல், இரும்புக் குறை இல்லை’ என்பது சரியா?

பதில்: அப்படி முடிவுகட்ட முடியாது. முடக்குவாதம் ஓர் அழற்சி நோய். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயரும். குறைந்த ஃபெரிட்டின் அநேகமாக ஏமாற்றாது. நார்மலாகத் தெரிவதுதான் ஏமாற்றும். அதனால் அழற்சி உள்ளவர்களுக்கு எல்லையை 70 என்று வைக்கிறார்கள். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனையையும், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பைச் சுமக்கும் வண்டிகளில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று பின்னது காட்டும்; 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இரும்பு போதவில்லை என்றே சந்தேகிக்க வேண்டும். முன்பெல்லாம் இப்படிக் குழப்பம் வந்தால் மஜ்ஜையை ஊசியால் எடுத்துச் சாயமேற்றுவோம்; இரும்பு இருந்தால் நீலமாகத் தெரியும். இன்று பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை.

இரும்புக் குறை உறுதியானால் மாத்திரையோடு நிறுத்திவிடாதீர்கள். இந்த வயது ஆணுக்கு இரும்பு குறைந்தால் வயிற்றிலோ குடலிலோ கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியலாம். மூட்டுவலி மாத்திரையால் வந்த புண்ணாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி இரண்டையும் பற்றி இந்த வாரமே மருத்துவரிடம் பேசுங்கள்.