ஸ்கேட் பூட்: பிடிப்பும் மடிப்பும் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தோல் காலணித் தொழிலில் இருக்கும் நான், ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் தாவியும் சுழன்றும் சறுக்கும் விளையாட்டு) பூட் ஒன்றை வடிவமைத்து வருகிறேன். கணுக்கால் சாயாதபடி விறைப்பாகச் செய்தால் முழங்காலை மடக்க முடியவில்லை என்கிறார்கள். தளர்த்தினால் பாதம் உட்புறமாகச் சாய்ந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே எங்கே நிறுத்துவது?

பதில்: நடுவே நிறுத்த வேண்டிய தேவையே இல்லை. பூட் முழுவதற்கும் பொதுவான ஒரே விறைப்பைக் கூட்டியும் குறைத்தும் பார்ப்பதால்தான் இந்த இழுபறி வருகிறது. கணுக்கால் என்று நாம் ஒரே பெயரில் சொல்லும் இடத்தில் உண்மையில் இரண்டு மூட்டுகள் வேலை செய்கின்றன. மேலே உள்ள மூட்டு பாதத்தை மேலும் கீழுமாக மடக்குகிறது. அதற்குக் கீழே, குதிகால் எலும்பை ஒட்டியுள்ள மூட்டு பாதத்தை உட்புறமும் வெளிப்புறமும் சாய்க்கிறது. சறுக்குபவருக்கு முதல் அசைவு தாராளமாக வேண்டும், இரண்டாவது அசைவு கட்டுக்குள் இருக்க வேண்டும். ஆகவே பக்கவாட்டில் விறைப்பு, முன்பின்னாக மடிப்பு என்று திசையைப் பார்த்துப் பிரித்துக் கொடுங்கள்.

இதைச் செய்ய, குதிகாலைச் சுற்றியும் கணுக்காலின் இரு பக்கங்களிலும் மட்டும் கடினமான அடுக்குகளைச் சேர்த்து, முன்புறத்தை, லேஸுக்கு அடியில் வரும் நாக்குப் பகுதியின் மென்மைக்கு விட்டுவிட வேண்டும். பின்புற மேல் விளிம்பைச் சற்றுத் தாழ்த்தி வெட்டினால், பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டும்போது குதிகால் நாணில் விளிம்பு குத்தாது. இவற்றைவிட முக்கியம் குதிகால் குழிவு. குதிகால் உள்ளே எழும்பி இறங்குமானால், மேலே எவ்வளவு விறைப்பு வைத்தாலும் அது பிடிப்பாக மாறாது. அணிபவர் லேஸை இறுக்கி இறுக்கியே அந்தக் குறையை ஈடுகட்டப் பார்ப்பார், அதன் விளைவாக முன்மடிப்பும் போய்விடும். விறைப்பு போதவில்லை என்று வரும் புகார்களில் பல, அளவு பொருந்தாத புகார்களே என்பது என் எண்ணம்.

பூட்டின் மேல்பட்டையைத் தனியே வெட்டி, கணுக்காலின் இருபுறமும் ரிவெட்டால் கீல் வைத்துப் பார்க்கும் யோசனை இருந்தால், உங்கள் கணுக்காலின் இருபுறமும் விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். உட்புற எலும்புப் புடைப்பு சற்று உயரத்திலும் முன்னாலும், வெளிப்புறப் புடைப்பு சற்றுத் தாழ்ந்தும் பின்னாலும் இருக்கும். மூட்டின் அச்சு இந்தச் சாய்கோட்டை ஒட்டியே ஓடுகிறது. அளவுகோலை வைத்து இரண்டு ரிவெட்டுகளையும் ஒரே மட்டத்தில் அடித்துவிட்டால், காலும் பூட்டும் வெவ்வேறு அச்சுகளில் திரும்பும். ஒவ்வொரு மடிப்பிலும் மேல்பட்டை காலில் உரசும்.

அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-களில் இப்படிக் கீல் வைத்த ஃபிகர் ஸ்கேட்டிங் பூட்டை உருவாக்கிச் சோதித்திருக்கிறார்கள். தாவி இறங்கும்போது, உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை ஒற்றைக் காலில் விழுகிறது. விறைத்த பூட்டுக்குள் பாதத்தை நீட்ட இடமில்லாததால், முன்பாதத்தில் இறங்கி மெல்லக் குதிகாலுக்கு வரும் இயல்பான வழி குறுகி, அதிர்ச்சி முழங்காலுக்கும் இடுப்புக்கும் முதுகுக்கும் போகிறது என்பதே அவர்களின் கவலை. ஆனாலும் பெரும்பாலோர் இன்றும் கீலில்லாத பூட்டையே அணிகிறார்கள். ஆண்டுக்கணக்கில் பழகிய கால், தாவும் நேரத்தில் புதிய மடிப்பை எளிதில் நம்புவதில்லை.

கேள்வி: அப்படியானால், ஸ்பீட் ஸ்கேட்டர்களின் பூட் கணுக்கால் அளவிலேயே நின்றுவிடுகிறதே? அவர்களுக்குப் பிடிப்பு தேவையில்லையா?

பதில்: தேவைதான். ஆனால் அவர்கள் தாவி இறங்குவதில்லை. நன்றாகக் குனிந்து, முழங்காலை ஆழமாக மடக்கியபடி நீண்ட நேரம் உந்துகிறார்கள். அந்த நிலையில் உயரமான பூட் காலுக்குத் தடையாகிவிடும். ஆகவே பிடிப்பு முழுவதும் கீழே, குதிகாலையும் பாதத்தையும் அச்சு எடுத்ததுபோல் கவ்வும் கார்பன் ஃபைபர் ஓட்டுக்கு இறக்கப்பட்டது. மீதிச் சமநிலையைக் கணுக்கால் தசைகளே பார்த்துக்கொள்கின்றன.

இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பிளேடு பூட்டோடு அசையாமல் பொருத்தப்பட்டிருந்த காலத்தில், உந்துதலின் கடைசியில் பாதத்தை நீட்டினால் பிளேடின் முனை பனியில் குத்தும். அதற்கு அஞ்சி, கணுக்காலுக்கு இருந்த வலிமையைப் பயன்படுத்தாமலே அடக்கி வைத்தார்கள். ஆம்ஸ்டர்டாமின் விரேயே பல்கலைக்கழகத்தில் கெரித் யான் ஃபான் இங்கென் ஸ்கெனாவ் தலைமையில் 1980-களில் உருவான கிளாப் ஸ்கேட், கீலைப் பாதத்தின் முன்பகுதிக்குக் கீழே வைத்தது. குதிகால் எழும்பும்போதும் பிளேடு பனியில் படிந்தே இருக்கும். முதலில் தயங்கியவர்களும் பின்னர் அதற்கு மாறினார்கள். 1998 நாகானோ ஒலிம்பிக்கில் உலக சாதனைகள் அதைக் கொண்டே முறியடிக்கப்பட்டன. மடிப்பைப் பூட்டிலிருந்து எடுத்துப் பிளேடுக்குக் கொடுத்த அந்த யோசனையை, வடிவமைப்பாளர்கள் தனியே உட்கார்ந்து படிக்க வேண்டும்.

கேள்வி: இப்போதுதான் ஸ்கேட்டிங் பழகும் என் மகளுக்கு, பின்னாலும் உதவுமே என்று மிக விறைப்பான பூட் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த விறைப்பு, பலமுறை சுழன்று தாவுபவர்களின் எடைக்கும் வேகத்துக்கும் கணக்கிடப்பட்டது. எடை குறைந்த குழந்தையால் அதை மடக்கவே முடியாது. முழங்கால் மடங்காததால் இடுப்பிலிருந்து குனியப் பழகிவிடுவாள்; அந்தப் பழக்கத்தைப் பின்னர் மாற்றுவது கடினம். வளர்வாளே என்று ஓரளவு பெரிய பூட் வாங்குவதும் இதே போன்ற தவறுதான். வாங்கும்போது லேஸை முழுவதும் கட்டி, நின்ற இடத்திலேயே முழங்காலை மடக்கச் சொல்லுங்கள். முழங்கால் காலணி நுனிக்கு நேராக வர வேண்டும்; குதிகால் எழும்பக் கூடாது.

கேள்வி: லேஸ் கட்டும் இடத்தில், கணுக்காலின் முன்புறம் கடுமையாக வலிக்கிறது. பூட்டை மாற்றிவிடலாமா?

பதில்: முதலில் கட்டும் முறையை மாற்றுங்கள். விரல்களின் மேல் தளர்வாகவும், புறங்காலிலிருந்து கணுக்கால் மடியும் இடம் வரை இறுக்கமாகவும், மேல் கொக்கிகளில் மீண்டும் சற்றுத் தளர்வாகவும் கட்ட வேண்டும். பலர் மேல் கொக்கிகளைத்தான் முழு பலத்தோடு இழுக்கிறார்கள். பாதத்தை மேலே இழுக்கும் நாண்கள் மேலாக ஓடும் இடம் அது. நாக்கு ஒரு பக்கமாக நழுவியிருந்தாலும் லேஸ் நேரே காலில் அழுந்தும். இவற்றைச் சரிசெய்தும் வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பூட்டின் ஆயுள் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கணுக்கால் மடியும் இடத்தில் லேசான சுருக்கம் இருந்தால் அது பழகிய பூட். சுருக்கம் ஆழமான பள்ளமாகி, மேல்பகுதியைக் கையால் பக்கவாட்டில் தள்ளியவுடன் துவண்டு விழுந்தால் அது முடிந்த பூட். ஒரு காலில் நிற்கும்போது பூட் உட்புறம் சாய்வதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். பிளேடு இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தாலும் அப்படித்தான் சாயும். முதலில் அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.