வேலையை விடாமல் எம்.டெக். படிக்கலாமா?

ராமேஸ்வரம் அருகே மண்டபம் பக்கம் சிவில் கட்டுமான வேலையில் இருந்துகொண்டே மேற்படிப்பு முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். வேலையில் இருப்பவர்களுக்காகவே சென்னை ஐஐடி மாலை நேர இணைய வகுப்பில் எம்.டெக். நடத்துகிறது. பிட்ஸ் பிலானியிலும் இப்படி ஒரு பிரிவு உண்டு. நீங்கள் பார்க்கும் வேலையையே ஆய்வுக்கு எடுக்கலாம்.

அரிமானத்தை, அதாவது உலோகம் துருப்பிடித்து அரிபடுவதை, எடுங்கள் என்பேன். நம் கரையில் வெட்டவெளியில் போட்ட கம்பி சில நாளிலேயே செம்பழுப்பாகி, தொட்டால் விரலில் ஒட்டும். அதனால்தான் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டார்கள். அரிமான ஆராய்ச்சிக்குப் பேர்போன சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) நமக்குப் பக்கத்தில் காரைக்குடியில்தான் இருக்கிறது. அப்புறம், படிப்புக் கட்டணத்தை நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனம் ஏற்றால், எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் என்பதை முதலில் எழுத்தில் வாங்குங்கள்.