குடல் புண்ணின் வடிவத்தை வைத்து நோயைச் சொல்ல முடியுமா?

டைபாய்டு, காசநோய், அமீபா மூன்றுமே குடலில் புண் உண்டாக்குகின்றனவே, பாத்தாலஜியில் (நோயியலில்) எப்படிப் பிரித்தறிவது என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மருத்துவம் படிக்கும் தம்பி கேட்டிருக்கிறார்.

முதலில் புண்ணின் திசையைப் பாருங்கள். டைபாய்டு கிருமி சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உள்ள பேயர் திட்டுகளை (குடல் சுவரில் உள்ள நிணநீர்த் திசுத் திட்டுகளை) தாக்கும். அவை நீளவாக்கில் இருப்பதால் புண்ணும் நீளவாக்கில்தான் வரும். ஆறினால் பெரிய தழும்பு இராது. ஆனால் மூன்றாம் வாரத்தில் ஓட்டை விழும் ஆபத்து உண்டு. காசநோய் நேர்மாறு. குடலைச் சுற்றி ஓடும் நிணநீர் நாளங்கள் வழியே பரவுவதால் புண் குறுக்குவாக்கில் அமையும். ஆறும்போது நார்த்திசு இறுகிக் குடலே சுருங்கிவிடும். நுண்ணோக்கியில் நடுப்பகுதி சிதைந்த கிரானுலோமா (நோய் எதிர்ப்புச் செல்கள் திரண்ட சிறு முடிச்சு) தெரியும். தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. அதிகம், மறக்க வேண்டாம்: எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடம் அந்தக் கிரானுலோமா சரியாக உருவாகாமலும் போகலாம்.

அமீபாவுக்குப் பிடித்த இடம் பெருங்குடலின் தொடக்கம். வாய் குறுகி அடி அகன்ற குடுவை வடிவப் புண். சிவப்பணுவை விழுங்கிய அமீபா கண்ணில் பட்டால் சந்தேகமே இல்லை.

தேர்வுக்கு இது போதும். நோயாளியிடம் எல்லாம் இவ்வளவு சுத்தமாகப் பிரிந்து நிற்காது, அதனால் பயாப்ஸி (திசுத் துண்டை எடுத்துச் சோதிப்பது) போன்ற பரிசோதனைகள் தேவை. அமீபாப் புண்ணை அல்சரேட்டிவ் கொலைடிஸ் (கிருமித் தொற்றால் வராத பெருங்குடல் அழற்சி நோய்) என்று நினைத்து, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால், குடலில் ஓட்டை விழும் அளவுக்கு முற்றிவிடலாம்.